கயிறிழுப்பியல்: கொழும்புச் சிறு ஜெனரேட்டர்கள் பற்றிய ஓர் ஆய்வு

சிறு ஜெனரேட்டர் ஓடிக் கெடுவதில்லை. ஓடாமல் கிடந்தே கெடுகிறது. இதுவே இவ்வாய்வின் கருதுகோள். ஆய்வுக் களம் வடக்கே கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதி முதல் தெற்கே வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகள் வரை. தெகிவளைக் கால்வாய்க்கு அப்பாலுள்ள எஞ்சின்கள் பின்வரும் ஆய்வாளருக்கு விடப்படுகின்றன.

இத்துறையின் வரலாறு கரண்ட் போன வரலாறேயாகும். 1996இல் வறட்சி வந்து நீர்த்தேக்கங்கள் வற்றியபோது முற்காலம் தொடங்கியது. 2022 மார்ச் 31 அன்று 13 மணிநேர மின்வெட்டோடு பொற்காலம் பிறந்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதால் நாடு முழுவதும் கரண்ட் போனதாக மின்சக்தி அமைச்சரே விளக்கம் சொன்னார். முன்னர் வந்த வானரம் இலங்கைக்குத் தீ வைத்தது; இது இருட்டை வைத்தது. இரண்டிலும் நட்டம் இலங்கைக்கே என்பதைத் தவிர ஒப்பியலாளர் சொல்ல அதிகமில்லை.

அந்த ஞாயிறுதான் எமது கருதுகோளுக்குக் கிடைத்த சிறந்த பரிசோதனை. பொற்காலத்தில் வாங்கி, பழைய சாரத்தால் மூடி பல்கணியில் வைத்திருந்த ஜெனரேட்டர்கள் அன்றுதான் வெளிச்சம் கண்டன. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் கயிறிழுக்கும் சத்தம் கேட்டது. எஞ்சின் சத்தம் குறைவாகவே கேட்டது.

காரணம் காபரேட்டர். அதன் அடியிலுள்ள கிண்ணத்தில் நிற்கும் பெற்றோல் மாதக்கணக்கில் ஆவியாகி, மிஞ்சுவது மஞ்சள் பசையாகப் படியும். ஜெட் எனப்படும் பித்தளைத் துண்டின் துவாரம் தலைமயிர் நுழையும் அளவு. அதை அடைக்க அந்தப் பசையில் ஒரு பொட்டுப் போதும். இங்கே அறிஞர்கள் இரு பிரிவாகின்றனர். வயரிலிருந்து ஒற்றைச் செப்புக் கம்பியை உருவித் துவாரத்தைக் குத்துவோர் ஒரு சாரார். கம்பி பட்டால் துவாரம் பெருத்துப் பெற்றோல் குடிக்கும், கிளீனர் அடித்துக் காற்றுத்தான் பிடிக்க வேண்டும் என்போர் மறுசாரார். பின்னவர் சொல்வதே சரி. ஆனால் இருட்டில் முன்னவர்தான் வெல்கிறார்.

பிளக் பற்றியும் ஒரு குறிப்பு. அதன் இரு முனைகளுக்கும் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். அளவுத் தகடு இல்லாத வீடுகளில் கலியாணக் காட்டின் மூலையை மடித்துச் செருகிப் பார்க்கிறார்கள். மணவீட்டாரின் வசதிக்கேற்பக் காட்டின் தடிப்பு மாறுவதால் எஞ்சினின் சுபாவமும் மாறுகிறது. கடற்காற்றின் உப்பு பிளக் தொப்பிக்குள் புகுந்து துரு ஏற்றுவது வெள்ளவத்தைக்கே உரிய சிறப்பு. கொட்டாஞ்சேனையின் சிறப்பு தூசு. அங்கே காற்றுவடியைத் தட்டினால் துறைமுக லொறிகளின் வரலாற்றையே எழுதலாம். பஞ்சிகாவத்தைக் கடைகளில் இரு பகுதியினருக்கும் சாமான் உண்டு.

ஓயிலில் பெருஞ்சிக்கல் இருக்கிறது. சிறு எஞ்சினொன்று கொள்வது ஏறக்குறைய 0.6 லீற்றர். முதல் 20 மணிநேரம் ஓடியதும் மாற்று, பிறகு 100 மணிநேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று கையேடு சொல்கிறது. 'அல்லது'க்குப் பின்னால் உள்ளதை எவரும் வாசிப்பதில்லை. 100 மணிநேரம் ஓடட்டும் என்று காத்திருக்கிறார்கள். ஓயில் மட்டும் உள்ளே கறுத்துக்கொண்டிருக்கிறது.

கயிறிழுப்பின் உரையாடல் மரபையும் பதிவுசெய்ய வேண்டும்.

"தம்பி, சோக்கைப் போட்டனியா?"

"போட்டனான் மாமா."

"அப்ப இழு."

இழுப்பு நீள, பிளக் பெற்றோலில் நனைகிறது. கீழ்மாடி அண்ணை வருகிறார், தானும் இழுக்கிறார். பிறகு எவரோ ரோச் அடித்துப் பார்க்கையில் சுவிட்ச் ஓஃபில் இருக்கிறது. எல்லாரும் மாமாவைப் பார்க்க, மாமா மின்சார சபையைத் திட்டத் தொடங்குகிறார்.

இவ்விடத்தில் யாழ்ப்பாண மரபை மதிக்காமல் போகலாகாது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் அங்கே மோட்டார் சைக்கிளும் நீரிறைக்கும் மெஷினும் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோல் சிறு போத்தலில் சில துளி. அதை காபரேட்டருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் கல்வியைக் கற்றவர்கள் இன்று வெள்ளவத்தை மாடிகளில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். ஜெனரேட்டர் மறுத்தால் அவர்களைத்தான் கூப்பிட வேண்டும். யூரியூப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் பேரன் இதை ஏற்கமாட்டான்.

2022இல் பெற்றோல் செட்டுகளில் கான்களுக்கு ஊற்றுவதற்குத் தடை வந்தபோது இத்துறை பெரும் நெருக்கடியைச் சந்தித்தது. ஜெனரேட்டருக்குச் சில்லும் இல்லை, நம்பர் பிளேட்டும் இல்லை. வரிசையில் போய் நிற்க முடியாது. ஜூலையில் கியூஆர் முறை வந்தபோதும் வாரப் பங்கு வாகன இலக்கத்தின் பேரிலேயே தொடங்கியது. ஆகவே மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்த வாரம் 4 லீற்றரில் ஒரு பகுதி இரவில் குழாய் வழியே இடம்பெயர்ந்தது. வாயால் உறிஞ்சியவர்களின் முகபாவம் தனி ஆய்வுக்குரியது.

வேடிக்கைக்கு இடமில்லாத ஒன்றும் உண்டு: ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ மூடிய படிக்கட்டடியிலோ ஓட்டக்கூடாது. அதன் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. ஆளை நித்திரையிலேயே கொன்றுவிடும். கொட்டாஞ்சேனையின் நெருக்கமான வீடுகளில் வாசலில் வைத்தாலும் புகை எந்த யன்னலால் போகிறது என்று பார்க்க வேண்டும்.

தீர்வு எளிது. மாதம் ஒருமுறை, கரண்ட் இருக்கும்போதே, ஃபானோ லைற்றோ கொளுவிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்ட வேண்டும். நிறுத்தும்போது சுவிட்சைத் தட்டாமல் பெற்றோல் ரப்பைப் பூட்டிவிட்டு, கிண்ணத்தில் உள்ளது தீர்ந்து எஞ்சின் தானே அடங்கும்வரை நிற்க வேண்டும். பொறியியல் ரீதியாக இதில் குறையே இல்லை. ஆனால் களத்தில், ஆய்வாளர் ரப்பைப் பூட்டிவிட்டு நிற்கையில், குசினியிலிருந்து குரல் வருகிறது: "கரண்ட் இருக்குத்தானே, பிறகென்னத்துக்கு உந்தச் சத்தம்? பெற்றோல் என்ன சும்மாவே வருது?"

இக்கேள்விக்குக் கையேட்டில் விடை இல்லை.