மண்ணாடிப்பட்டுக்கு ஓர் உகமத் தீர்வு

செயல்முறை ஆராய்ச்சிப் பாடநூல்களில் ஒரு விவசாயி வருவார். அவருக்கு நூறு ஏக்கர் நிலம். தக்காளி, முள்ளங்கி, லெட்யூஸ் என்று மூன்று பயிர். விளைந்ததை எல்லாம் குறித்த விலைக்கே விற்றுவிடுவார். அவர் ஊரில் உர விலை ஏறாது, கூலியாள் பற்றாக்குறை கிடையாது, அறுவடை நேரத்தில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகாது. எந்தப் பயிரை எத்தனை ஏக்கரில் போட்டால் லாபம் உச்சத்துக்குப் போகும் என்பது ஒன்றுதான் அவருடைய கவலை. அப்படி உச்ச லாபம் தரும் விடைக்கு உகமத் தீர்வு என்று பெயர். அதைக் கண்டுபிடிக்க நம் பிள்ளைகள் வரைபடத் தாளும் பென்சிலுமாகப் பாடுபடுகிறார்கள்.

இந்தக் கனவானைப் புதுச்சேரியின் மண்ணாடிப்பட்டு கொம்யூனில் தேடாதீர்கள். கரும்பும் நெல்லும் மல்லாட்டையும் போடுகிற ஊர்கள் அவை. நூறு ஏக்கரோடு ஒருவர் அகப்பட்டால் 1973ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டத்தில் பிடித்துக் கொடுத்துவிடலாம். லெட்யூஸைக் கண்ணில் காட்டினால், கோஸ் உருளாமல் விரிந்துவிட்டதே என்று பதறி மருந்துக் கடைக்கு ஓடுவார்கள். ஆனாலும் கிராம மேலாண்மை படிப்பவர்களுக்கு முடிவெடுக்கும் திறன் வரவேண்டும் என்று இந்தக் கணக்கைத்தான் நடத்துகிறோம்.

பாடத்தின் மேல் குற்றமில்லை. இரண்டாம் உலகப் போரில், சரக்குக் கப்பல்களை எவ்வளவு பெரிய கூட்டமாக அனுப்பினால் இழப்பு குறையும் என்று பிரிட்டனில் பிளாக்கெட் போன்ற விஞ்ஞானிகள் கணக்குப் பார்த்ததில் வளர்ந்த துறை இது. 1947இல் டான்சிக் இத்தகைய கணக்குகளைத் தீர்க்கும் சிம்ப்ளெக்ஸ் முறையைத் தந்தார். இந்தியாவில் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் இத்துறையை ஐந்தாண்டுத் திட்டம் வரை கொண்டுபோனார். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பிளாக்கெட்டின் கணக்கைப் பார்த்து உத்தரவு போடக் கடற்படையில் ஆள் இருந்தது.

தீர்மானிப்பவர் யார், எதைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்று சொல்லும் குறிக்கோள் சார்பு எது, கட்டுப்பாடுகள் எவை என்ற மூன்றையும் கேட்காமல் எந்தக் கணக்கையும் தொடங்காதே என்பது முதல் நாள் பாடம். மண்ணாடிப்பட்டில் இந்த மூன்றில் கடைசி மட்டும் வேண்டிய அளவு கிடைக்கும். நம்பாதவர்களுக்காக உள்ளூர்ச் சரக்கை வைத்தே ஒரு வினாத்தாள் தயாரிக்கலாம்.

முதல் வினா, கரும்பு. எந்த வயலை எந்த நாளில் வெட்டுவது, எத்தனை டிராக்டரை எந்தப் பக்கம் அனுப்புவது என்பது செயல்முறை ஆராய்ச்சிக்கென்றே செய்து வைத்தது போன்ற கணக்கு. வெட்டிய கரும்பு காயக் காய எடையும் குறையும், சர்க்கரையும் குறையும். எடை குறைந்தால் விவசாயிக்கு நஷ்டம், சர்க்கரை குறைந்தால் ஆலைக்கு நஷ்டம். ஆகவே வெட்டு உத்தரவு, வெட்டும் ஆட்கள், வண்டி, அரவை நான்கும் ஒரே தாளத்தில் போகவேண்டும். இதைக் கற்பிக்க ஆமதாபாத், ஆனந்த் மேலாண்மை நிறுவனங்களுக்குப் போகவேண்டாம். இந்தக் கொம்யூனிலேயே லிங்காரெட்டிப்பாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. இருக்கிறது என்றால், கட்டடம் இருக்கிறது. அரவை நின்று பல பருவங்கள் ஆகிவிட்டன. கரும்புப் பாக்கி கேட்டு விவசாயிகள் ஒரு பக்கம், சம்பளம் கேட்டுத் தொழிலாளர்கள் மறு பக்கம் என்று போராடிப் பார்த்தார்கள். உள்ளூர்க் கரும்பு எல்லை தாண்டித் தமிழ்நாட்டின் முண்டியம்பாக்கம் தனியார் ஆலைக்குப் போகப் பழகிவிட்டது. மாணவர்களே, ஆலையின் அரவைத் திறன் பூஜ்யம் எனக் கொண்டு வெட்டு அட்டவணையை உகமப்படுத்துக. கரும்பைத் தலையில் வைத்துக்கொண்டு விடை எழுதுவோருக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு.

இரண்டாம் வினா, அரிசி. கிடங்குகள் சில, கடைகள் பல, எதிலிருந்து எதற்கு அனுப்பினால் செலவு குறையும் என்பது போக்குவரத்துக் கணக்கு. தேவைக்கு வழங்கல் போதவில்லை என்றால் பாடநூலில் ஒரு தந்திரம் உண்டு. இல்லாத கிடங்கு ஒன்றை இருப்பதாக எழுதிக்கொள்ளலாம். அதற்குப் போலி நிரை என்று பெயர். அதிலிருந்து அனுப்பும் செலவு பூஜ்யம், ஏனென்றால் அங்கிருந்து ஒன்றும் வராது. தாளில் கணக்கு சமமாகிவிடும். புதுச்சேரி இந்தத் தந்திரத்தைத் தாளில் விட்டுவைக்கவில்லை, தெருவுக்கே கொண்டுவந்தது. 2015 செப்டம்பரில் சண்டிகருடன் சேர்த்துப் புதுச்சேரியிலும் ரேஷன் மானியம் வங்கிக் கணக்குக்கு மாறியது. பிறகு கடைகளே மூடிக் கிடந்தன. ஊழியர்கள் சம்பளம் கேட்டு வீதியில் நின்றார்கள். பெயர்ப் பலகை இருந்தது, தராசு இருந்தது, அரிசி இல்லை. போலி நிரைக்கு இதைவிட நல்ல செய்முறை விளக்கம் எந்தப் பேராசிரியரால் தர முடியும்?

இதே வினாவின் ஆ பிரிவு ஆட்டக் கோட்பாடு. அரிசிதான் தருவேன் என்றார் அன்றைய முதலமைச்சர் நாராயணசாமி. பணம்தான் என்றார் அன்றைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி. 2019 பிப்ரவரியில் முதலமைச்சரே கறுப்புச் சட்டையோடு ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாஸ் வாசலில் உட்கார்ந்தார். ஒருவர் வென்ற அளவு மற்றவர் தோற்றால் அதைப் பூஜ்யக் கூட்டு ஆட்டம் என்பார்கள். இங்கே ஒருவருக்குக் கொள்கைப் பிடிப்பு என்ற பெயர் கிடைத்தது, மற்றவருக்குப் போராளி என்ற பெயர் கிடைத்தது. ஆட்டத்திலேயே சேராத, இந்தக் கொம்யூனின் திருக்கனூர்க்காரி உலையை வைத்துவிட்டு அரிசிக்குக் காத்திருந்தாள். 2024 தீபாவளியை ஒட்டிக் கடைகளைத் திறந்தபோது அதையும் ஒரு சாதனையாகக் கொண்டாடினோம். பூட்டியது யார் என்று கேட்பது பாடத்திட்டத்துக்கு வெளியே.

மூன்றாம் வினா, ஆள் ஒதுக்கீடு. ஒரு பதவிக்கு ஒருவர் என்று ஹங்கேரிய முறையில் நிரப்பவேண்டும். புதுச்சேரியில் 98 கிராமப் பஞ்சாயத்துகள், 10 கொம்யூன் பஞ்சாயத்துகள். 1968இல் ஒரு முறை உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 38 ஆண்டு கழித்து 2006இல். வந்தவர்களின் காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் தேர்தல் கிடையாது. உச்ச நீதிமன்றம் சொல்லியும் நடக்கவில்லை. 2021இல் தேதி அறிவித்து, இட ஒதுக்கீட்டுச் சிக்கலைக் காட்டி நிறுத்தினார்கள். தலைவர், உறுப்பினர் எல்லோருக்கும் பதிலாக அதிகாரி கையெழுத்துப் போடுகிறார். 2011இல் பிறந்த குழந்தைக்கு மீசை அரும்புகிறது. தன் ஊர்த் தெருவிளக்குக்கும் வாய்க்காலுக்கும் பொறுப்பாக ஊரார் தேர்ந்தெடுத்த ஒரு முகத்தை அது பார்த்ததே இல்லை. ஊர் முழுவதையும் போலி நிரையாக எழுதிவிட்டுக் கணக்கு சமமாகிவிட்டது என்கிறார்கள்.

இப்படி ஆளில்லாத இதே கொம்யூனில்தான் திருபுவனை இருக்கிறது. முதலாம் ராஜாதிராஜன் காலத்தில், 1048இல், அங்கே 12 ஆசிரியர்களும் 260 மாணவர்களும் கொண்ட ஒரு கல்லூரி இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. யாருக்கு எவ்வளவு நெல் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். அதில் படித்தவர்களுக்கும் கற்பித்தவர்களுக்கும் ஊர் வாரியப் பணிகளிலிருந்து விலக்கு அளித்திருக்கிறார்கள். அந்தக் கல்லூரியில் எல்லோருக்கும் இடம் கிடைத்திருக்காது, வாரியத்திலும் கிடைத்திருக்காது. அந்தப் பழம்பெருமைக்கு நான் மாலை போடவில்லை. ஆனால் விலக்குக் கேட்கும் அளவுக்காவது ஊரில் ஒரு வாரியம் இருந்தது. இன்று அதே திருபுவனையிலிருந்து கல்லூரிக்குப் போகும் பெண், முடிவெடுக்கும் கலையைப் பல பருவத் தேர்வுகளில் எழுதித் தேறுகிறாள். விலக்குக் கேட்க ஒரு பதவியும் இல்லை, நிற்க ஒரு தேர்தலும் இல்லை.

இவ்வளவையும் திறமைக் குறைவு என்று நினைத்தால் நாம்தான் ஏமாளிகள். 1968க்குப் பிறகு புதுச்சேரியை ஆண்ட கட்சிகளின் கொடி மாறியிருக்கிறது, கணக்கு மாறவில்லை. கதர், உதயசூரியன், இரட்டை இலை, ஜக்கு, தாமரை எல்லாம் இந்தத் தேர்வில் முதல் வகுப்பு. நாம் குறிக்கோள் சார்பைத் தவறாகப் படித்துவிட்டோம். ஊர் நன்மையைப் பெருமமாக்கு என்பது நாம் எழுதிக்கொண்டது. அவர்கள் எழுதியது வேறு: அதிகாரத்தில் பங்கு கேட்கும் தலைகளைச் சிறுமமாக்கு. முப்பது தொகுதிக்கும் முப்பது எம்.எல்.ஏ. இருக்கும்போது, வாய்க்காலைத் தூர் வாரி நாளைக்கு அதே தொகுதியில் எதிர்த்து நிற்கக்கூடிய பஞ்சாயத்துத் தலைவர் எதற்கு? அந்தத் தலைகளின் எண்ணிக்கை இன்று பூஜ்யம். பூஜ்யத்துக்குக் கீழே சிறுமம் இல்லை. அதாவது மண்ணாடிப்பட்டுக்கு உகமத் தீர்வு கண்டுபிடித்தாகிவிட்டது. சிம்ப்ளெக்ஸ் அட்டவணை கூடத் தேவைப்படவில்லை.

இந்த லட்சணத்தில் கிராமத்து இளைஞர்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் முடிவெடுக்கும் பயிற்சி, பயிலரங்கம், சான்றிதழ், குழுப் புகைப்படம். முடிவை எடுத்துக்கொண்டு போனவர்களே வந்து குத்துவிளக்கு ஏற்றுவார்கள். வெட்கம் என்று ஒரு மாறி எந்தச் சமன்பாட்டிலும் இல்லாதது அவர்களுக்கு வசதி.

ஆனால் பாடத்தை ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு இன்னொன்றும் தெரியும். ஒரு தீர்வு எவ்வளவு லாபம் காட்டினாலும், ஒரே ஒரு கட்டுப்பாட்டை மீறினால்கூட அது ஏற்புடைய தீர்வு அல்ல. உகமம் பற்றிய பேச்சே அதற்குப் பிறகுதான். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை உள்ளாட்சித் தேர்தல் நடத்தியே தீரவேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் போட்ட கட்டுப்பாடு, யூனியன் பிரதேசம் என்பதால் புதுச்சேரிக்கு விலக்கு கிடையாது. ஆகவே பேராசிரியர்களே, அடுத்த பருவத்தில் லெட்யூஸ் விவசாயிக்கு ஓய்வு கொடுங்கள். இந்த மூன்று வினாக்களையும் கட்டாய வினாவாக வையுங்கள். விடைத்தாளைத் திருத்தித் தலைமைச் செயலகத்துக்கும் சட்டப்பேரவைக்கும் அனுப்புங்கள். கட்டுப்பாட்டை மீறிய விடைக்கு உங்கள் மாணவனுக்கு என்ன மதிப்பெண் போடுவீர்களோ, அதையே அவர்களுக்கும் போடுங்கள், சிவப்பு மையில், பெரிய வட்டமாக.