நீண்டது எவ்வளவுலே?

வாலே பேராண்டி, இயற்பியல்ல முட்டையாமே! நல்லதுதான், ஒடம்புக்குச் சத்து.

கேள்வியைப் பாத்தேன். சும்மா தொங்குத ஸ்பிரிங் 20 செ.மீ. ஒரு கிலோ மாட்டினா 25. ரெண்டு கிலோ மாட்டினா? நீ 50ன்னு எழுதியிருக்க. எடை ரெண்டு மடங்குன்னா நீளமும் ரெண்டு மடங்கு, என்ன? அப்போ ஒண்ணுமே மாட்டலைன்னா நீளம் சைபராலே? ஸ்பிரிங் மாயமா மறைஞ்சிருமோ? கடைக்காரனுக்குக் காசு குடுக்க வேண்டாம், நல்ல யோசனைதான்.

எடைக்குத் தக்கன கூடுறது நீளமில்ல, நீட்சி. ஒரு கிலோவுக்கு 5 செ.மீ. நீண்டுச்சு, ரெண்டுக்கு 10. பழைய 20-ஐச் சேரு, 30. ஒரு கிலோ எடைங்கிறது ஏறத்தாழ 10 நியூட்டன் விசை. 5 செ.மீ.க்கு 10 நியூட்டன்னா மீட்டருக்கு 200. ஒங்க வாத்தியார் சுருள் மாறிலிங்காரே, அது இதான். மீட்டர்னதும் ஸ்பிரிங்கை ஒரு மீட்டருக்கு இழுத்து வச்சிராத, கணக்குக்குத்தான் மீட்டர்.

இதைக் கண்டுபிடிச்ச ராபர்ட் ஹூக் பெரிய கள்ளன்லே. 1676-ல விதியை லத்தீன்ல எழுதி, எழுத்தையெல்லாம் பிரிச்சு அகரவரிசையில அடுக்கி அச்சுல போட்டான். அடுத்தவன் தன்னதுன்னு சொல்லிரப்படாதாம். 1678-லதான் முடிச்சை அவுத்தான்: நீட்சி எப்படியோ விசையும் அப்படி. நீயும் பரீட்சையில விடையை ஒளிச்சுத்தான் வச்ச. என்ன, அவன்கிட்ட விடை இருந்துச்சு.

தங்கச்சி தொட்டில் ஸ்பிரிங்கைப் பாதியா வெட்டினா இன்னும் தொளதொளன்னு ஆயிரும்னுதான நெனைக்க? ரெண்டு மடங்கு வெறைப்பாயிரும்! அதே பிள்ளை, அதே எடை. ஒவ்வொரு சுத்தும் முன்ன நீண்ட அளவுதான் நீளும். சுத்து பாதியாச்சுன்னா நீட்சியும் பாதி. வெட்டிப் பாத்துராத, ஆச்சி ஒன்னை வெட்டிருவா.

ஹூக் சொன்னதும் ஒரு எல்லை வரைக்குந்தான். முந்தி நீ அந்தத் தொட்டில்ல ஏறி ஊஞ்சலாடுனேல்ல, எறங்கின பொறவும் சுருள் இளிச்சுக்கிட்டே நின்னுச்சே, அதான் மீட்சி எல்லையைத் தாண்டுறது. பழைய நீளத்துக்கு அது திரும்பவே திரும்பாது. ஒங்கப்பன் புதுசு வாங்கினான்.

சரி, 20 செ.மீ. ஸ்பிரிங்குக்கே வா. மூணு கிலோ மாட்டினா நீளம் எவ்வளவு? வெரலை மடக்காமச் சொல்லு.

பதினஞ்சா? ஏலே, அது நீண்டது மட்டுந்தான். அந்தப் பழைய இருபதை யாருக்குலே வித்த?