கடைமடைக் கணக்கு

பேராண்டி, இப்டி வந்து குந்து. காலையிலேருந்து அந்த லேப்டாப்பை மொறைச்சுப் பாத்துக்கினு இருக்கிற. நீ பாக்கற பார்வைக்கு, பொண்ணு பாக்கப் போயிருந்தா இந்நேரம் நிச்சயமே முடிஞ்சிருக்கும்.

படிச்ச புள்ளைக்கு நான் இன்னா சொல்றது? ஆனா உன் ஆன்லைன் வாத்தியாரு ஸ்பீக்கர்ல கத்துனதுல, திண்ணையில கெடந்த எனக்கே பாதி மனப்பாடம். ஆர்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி. நியூசிலாந்துல ஆக்லாந்து யுனிவர்சிட்டியில ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன்னு ரெண்டு பேரு சேந்து பெத்தது. அதோட 1.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29-ல வந்துச்சாம். நாலு வருசத்துக்கு ஒருக்கா பொறந்தநாள் வர்ற புள்ளைக்குக் கொஞ்சம் கோணல் புத்தி இருக்கத்தானே செய்யும்.

அந்த மொழியில நீ எழுதுன பங்ஷன் செவப்பா ஒரு வரி கத்துனா நீ இன்னா பண்ற? வரிக்கு வரி ஒரு பிரிண்ட் சொருவற. 'இங்க வந்தேன்', 'இங்கயும் வந்தேன்'னு அது சொல்லிக்கினே போவுது. வந்துச்சு சரி, கையில இன்னா எடுத்துக்கினு வந்துச்சுன்னு கேட்டியா?

நான் ஏரிக்கு நீர்க்கட்டியா இருந்தவன். கடைமடைக்காரன் தண்ணி வரலன்னு ஓடியாந்தா அவன் வயலைப் பாத்துக்கினு நிக்க மாட்டோம். வாய்க்கால் கரையோட மேல நடப்போம். எங்கயோ நடுவுல ஒருத்தன் ராத்திரியில கரையை வெட்டி வுட்டிருப்பான். உன் டிரேஸ்பேக்கும் அந்த நடைதான். பிழை வந்த கையோட அதைத் தட்டு. எந்த பங்ஷன் எதைக் கூப்புட்டுச்சுன்னு வரிசையாச் சொல்லும். கடைசியாக் கூப்புட்டது உச்சியில, நீ தட்டுனது அடியில. உச்சியில இருக்கறது பெரும்பாலும் எவரோ எழுதுன பேக்கேஜாத்தான் இருக்கும். பழியை அவரு தலையில போட்டுட்டு டீக்கடைக்குப் போயிடாத. ஒவ்வொண்ணா எறங்கி வா. உன் கையெழுத்து மொதல்ல எங்க தெரியுதோ அங்க நில்லு.

நிக்கறதுக்குத்தான் பிரவுசர். பங்ஷனுக்குள்ள சந்தேகப்படற எடத்துல அந்த ஒரு வரியைப் போட்டா, ஓடிக்கினே இருக்கறது அங்க நின்னு உன் மூஞ்சியைப் பாக்கும். உள்ள எந்த மாறியில இன்னா கெடக்குதுன்னு சாவகாசமாக் கேக்கலாம். என் தட்டுனா அடுத்த வரி, சி தட்டுனா ஓட்டம், க்யூ தட்டுனா கடையைக் கட்டு. ஆனா நீ நாள் எண்ணிக்கைக்கு என்-னே பேரு வெச்சிருக்கியே கெட்டிக்காரா, அதோட மதிப்பைப் பாக்கலாம்னு என் தட்டுவ, அது அடுத்த வரிக்குத் தாண்டிடும். பிரிண்ட்டுக்குள்ள போட்டுக் கேக்கணும். பாத்தியா, உன் பிரிண்ட்டுக்கும் ஒரு வேலை கெடைச்சுது.

பங்ஷனைத் திருத்தவே வேணாம்னா டீபக் இருக்குது. அதைப் போட்டுட்டு அன்டீபக் போட மறந்தியோ, கூப்புடற ஒவ்வொரு தடவையும் நின்னுக்கும். டீபக்ஒன்ஸ் போடு. ஒரே ஒரு தடவை நின்னு வெவரம் சொல்லிட்டுப் போயிடும். நம்ம சொந்தக்காரனுங்களுக்கு அது ஒத்து வருமான்னு கேட்டுச் சொல்லு.

ஆனா பேராண்டி, கத்தற பிழை நல்ல பிழை. வாயைத் தெறக்காத பிழைதான் குடியைக் கெடுக்கும். உன் மழைக் கணக்கையே எடுத்துக்க. அளக்க முடியாத தூறல் விழுந்த நாளுக்கு ஏட்டுல எண்ணு இருக்காது, டிரேஸ்னு எழுதியிருப்பாங்க. அந்த ஒரு வார்த்தையால மொத்த நெடுவரிசையும் எழுத்தாயிடுச்சு. நீ அதை அடிச்சு எண்ணாக்குன. தூறல் நாளெல்லாம் என்ஏ, அதாவது மதிப்பே இல்லன்னு ஆயிடுச்சு. அது எச்சரிக்கை குடுத்துச்சு, நீ படிக்கல. அப்பால சராசரி கேட்டா என்ஏ-ன்னே வருதுன்னு, என்ஏ-வைக் கழட்டி வுட்டுட்டு அடுத்த வேலைக்குப் போயிட்ட. தூறுன நாளெல்லாம் காலண்டர்லயே இல்லாம போச்சு. எச்சரிக்கையைப் பிழையாவே மாத்திக் கத்த வைக்க, ஆப்ஷன்ஸ்ல வார்ன் 2-ன்னு ஒரு வழி இருக்குதாம். உன்ன மாதிரி காது மந்தமானவங்களுக்காகவே வெச்சிருப்பாங்க போல.

சீனியர் குடுத்த பழைய கோடுன்னு ஒண்ணை நம்பிக்கினு இருக்கியே, அதுலயும் கண்ணு வை. 2020-ல ஆர் 4.0 வர்றதுக்கு முந்தியெல்லாம் ஃபைலைப் படிக்கும்போதே எழுத்து நெடுவரிசையை ஃபேக்டர்னு வகைப் பட்டியலாக்கிடும். அதை எண்ணாக்குனா மழையோட அளவு வராது, எத்தினியாவது வகைன்ற வரிசை நெம்பருதான் வரும். பாக்க அசல் மழையாட்டமே இருக்கும்.

இதெல்லாம் வுடு. நடுவுல ஒரு வரி வெச்சிருக்கியே, சராசரியிலேருந்து மூணு திட்ட விலக்கம் தாண்டுனதையெல்லாம் தூக்குன்னு. வருசத்துல முக்காவாசி நாளு வெயிலு காயற ஊருல, நல்லாப் பெஞ்ச மழை எல்லாமே அந்தக் கோட்டைத் தாண்டத்தான் செய்யும். 2015 டிசம்பர் 2 காலையில எட்டரை மணிக்கு மழையை அளந்தாங்க. அதுக்கு முந்துன 24 மணி நேரத்துல தாம்பரத்துல மட்டும் 49 சென்டிமீட்டர். அடையாறு பொங்கி, முடிச்சூரு, வரதராஜபுரத்துல எல்லாம் படகு வுட்டாங்க. உன் பங்ஷன் அதைத் தப்பான பதிவுன்னு தூக்கிப் போட்டுட்டு, மிச்சம் மீதியை வெச்சு வடிகாலுக்கு இவ்ளோ அகலம் போதும்னு சொல்லுது. பிழையும் இல்ல, எச்சரிக்கையும் இல்ல. நீயும் கோடு சுத்தமா ஓடுதுன்னு மெயில் அனுப்பப் பாக்கற.

அந்தத் தூக்கற வரிக்கு நேர் மேல ஒரு பிரவுசரைப் போடு. எதையெல்லாம் தூக்கப் போறேன்னு தேதியோட காட்டச் சொல்லு. காட்டறதைப் பாத்துட்டு அப்பால மெயிலை அனுப்பு. உன் மேனேஜரு வேளச்சேரி ஆளுன்னு சொன்னியே, அவருக்கு அந்தத் தேதி மறந்திருக்காது.