ஜீர்ணோத்தாரண அம்மாள்

பாழடைந்த கோயில்களைத் தேடிச் சென்று திருப்பணி செய்விக்கும் தர்மவான் ஊருக்கு ஒருவர் இருந்த காலம் போய், பாழடைந்த சாமான்களைத் தேடிச் சென்று திருப்பணி செய்விக்கும் அம்மாள் தெருவுக்கு ஒருவர் இருக்கும் காலம் இப்போது வந்திருக்கிறது. அவருடைய கிருகத்தை அடையாளம் கண்டுகொள்ளக் கதவிலக்கம் தேவையில்லை. வாயிற்படிக்கு இப்புறம், ஒரு காலத்தில் கல்யாணத்துக்குப் பாயசம் காய்ச்சிய வெண்கல உருளியில் செவ்வரளி மிதக்கும். அப்புறம், எந்த மாட்டின் கழுத்திலிருந்தோ இறங்கிய மணி ஒன்று தொங்கும். அந்த மணியைத் தலையால் இடித்து ஒலியெழுப்பாமல் உள்ளே புகுந்தவர் யாராவது உண்டென்றால் அவர் பள்ளிக்கூடப் பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும். உள்ளே போனதும், "உட்காருங்கள்" என்று மனமார உபசரிப்பார். நாம் ஒரு பிரம்பு நாற்காலியை நோக்கி நகர்ந்தால், "அது வேண்டாம், அதற்கு வயசாகிவிட்டது" என்பார்.

எறிதல் என்னும் கிரியை ஒன்று மட்டும் அம்மாளுக்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகை வந்தால் முகூர்த்த தினத்தை மறந்துவிடுவார். அதன் முகப்பிலுள்ள பிள்ளையாரை மறக்கமாட்டார். அவரை வட்டமாகக் கத்தரித்து, சமிக்கி ஒட்டி, நவராத்திரிக்கு வருகிற பெண்களுக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்துவிடுவார். மூத்த பெண்ணின் பட்டுப்பாவாடை திண்டுறையாகி, திண்டுறை கிழிந்து கைப்பிடித் துணியாகி, கைப்பிடித் துணி கரிந்துபோன பின்னும் அதன் ஜரிகைக் கரை மட்டும் ஏதோவொரு தோரணத்தில் ஜீவித்திருக்கும். பிளாஸ்டிக் ஒயரில் கூடை பின்னுவதில் அவர் பெற்றிருக்கும் பாண்டித்தியத்தைச் சொல்லாமல் விடுவது அபசாரமாகும்: பிஸ்கட் முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் முடிச்சு ஆகிய மூன்றையும் தொலைக்காட்சியிலிருந்து கண்ணெடுக்காமலே போடக்கூடியவர். குரோஷா ஊசி கையில் ஏறிவிட்டாலோ, சற்று நேரம் அசையாமலிருக்கும் எந்தப் பொருளுக்கும் உறை பின்னிவிடுவார். தொலைக்காட்சிப் பெட்டி சுவரில் அப்பிக்கொள்ளும் அளவுக்கு இளைத்துப்போனது இந்த உறைக்குப் பயந்துதான் என்று அவருடைய கணவர் கூறுவதுண்டு. அவரும் அந்த வீட்டில் ஓரிடத்தில் நிலைத்து உட்கார்ந்து நான் கண்டதில்லை.

சமையலறையில் அம்மாளின் பிரதான சிருஷ்டி கேக். இதற்கென்று மின்சார அடுப்பு வாங்கித் தருவதாகக் கணவர் பலமுறை வாக்களித்தும், தம் தாயார் பிரஷர் குக்கரில் மணல் பரப்பிக் கேக் சுட்ட சம்பிரதாயத்தைக் கைவிட அவர் இசையவில்லை. ஆற்றுமணலைக் களைந்து உலர்த்திக் குக்கரின் அடியில் பரப்பி, காஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றி வைத்துவிட்டு, மாவுத் தட்டை இறக்கி மூடுவார். மாமியாரை உத்தேசித்து முட்டை விலக்கப்பட்டிருப்பதால், கேக்கை உப்ப வைக்கும் பொறுப்பு முழுவதும் தயிரின் புளிப்பின்மீதும் சமையல் சோடாவின்மீதும் விழுகிறது. இவ்விரண்டும் கலந்த கணமே வாயு கிளம்பத் தொடங்கிவிடுமாதலால் மாவு தாமதமின்றி அடுப்பேற வேண்டும். அந்தத் தருணம் பார்த்துத்தான் அம்மாளுக்கு, தட்டின் அடியில் போடும் காகிதத்தைத் தாமரை வடிவத்தில் கத்தரித்தால் என்ன என்று தோன்றும். எட்டு இதழ்களும் பூர்த்தியாவதற்குள் வாயு தன் வழியே போய்விடும். ஆகவே அந்த வீட்டுக் கேக் நடுவில் பள்ளத்துடனேயே ஜனிக்கிறது. பள்ளத்தை ஒரு குறையென்று அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. அதில் பலாப்பழ ஜாமை நிரப்பி, ஜாமுக்காகவே குழி வைத்துச் சுட்டதாகப் பிரகடனம் செய்து, எதிரே நின்று நாம் தின்று முடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நியாயமாகச் சொன்னால் ருசியில் பழுது கிடையாது. தெருவில் எந்தக் குழந்தைக்குப் பிறந்தநாள் என்றாலும் விடியுமுன் அந்தப் பள்ளமுள்ள கேக் போய்ச் சேர்ந்துவிடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சிற்சில சமயம் பல்லில் நெரிபடும் ஏதோவொன்றை ஏலக்காய் விதையென்று எண்ணிக்கொள்வது விருந்தினரின் கடமை.

இதெல்லாம் பூர்வாங்கம். அம்மாளின் முழுச் சொரூபத்தையும் தரிசிக்க விரும்புகிறவர், காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு அவருடன் ஒருமுறை போகவேண்டும். சென்னையில் பழஞ்சாமான் பிரியர்கள் சுற்றிச்சுற்றி வந்த மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாகிவிட்டபடியால், அவருக்கு இன்று மகாக்ஷேத்திரம் இதுதான். நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்று ஈட்டிய செல்வம், தேக்குத் தூண்களாகவும் பெல்ஜியம் கண்ணாடிகளாகவும் மாறி வீடுகளை நிரப்பி, ஸ்வீடனிலிருந்தும் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்தும் கப்பலேறி வந்த எனாமல் அடுக்குகளாகப் பெண்களின் சீர்வரிசையிலும் புகுந்து, அந்த மாளிகைகள் சில பாகம் பிரிந்தும் சில இடிபட்டும் போனபின், இத்தெருக் கடைகளில் வந்து குவிந்திருக்கிறது. அங்கே அம்மாள் நடக்கிற நடையே வேறு. 1894இல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சுக்கூடத்து லக்ஷ்மி படம், யாரோ ஓர் ஆச்சி பொறுமையாகத் துணி உடுத்தி ஜரிகையும் சமிக்கியும் வைத்துத் தைத்தது, சுவரில் சாய்ந்திருந்தது. அதற்காகவே வந்திருந்தவர் அதை ஏறிட்டும் பாராமல், பக்கத்தில் துருப்பிடித்துக் கிடந்த பூட்டின் விலையை வெகு சிரத்தையாக விசாரித்தார். கடைக்காரர் கணக்கு நோட்டிலிருந்து தலை நிமிரவில்லை. "பூட்டைச் சும்மா எடுத்துக்குங்கம்மா, படத்துக்கு மட்டும் கொடுங்க" என்றார். அம்மாள் அப்போதுதான் அவரைச் சிறிது மரியாதையுடன் பார்த்தார்.

இத்தனை ஆராதனையையும் ஊஞ்சலில் அமர்ந்தபடி மௌனமாகக் கவனித்து வருகிறவர் அவருடைய மாமியார். இரண்டு ஆட்கள் பிடித்துத் தூக்கவேண்டிய பித்தளை அண்டா ஒன்று வண்டியில் வந்து இறங்கிய தினத்தில் நானும் அங்கிருந்தேன். மூதாட்டி எழுந்து வந்து அதைச் சுற்றிப் பார்த்து, விளிம்பைத் தடவி, "என்ன கொடுத்தே?" என்று கேட்டார். அம்மாள் உண்மை விலையில் பாதியைச் சொன்னார்.

"இதே மாதிரி நம்ம வீட்டுல மூணு இருந்துச்சு. எல்லாத்தையும் பாத்திரக்காரன்கிட்ட போட்டுட்டு எவர்சில்வர் வாங்கினோம். புளி போட்டுத் தேச்சுத் தேச்சுக் கை காந்துது, போட்டுடுங்க அத்தைன்னு நீதானேம்மா அழுதே?"

"அதுல நாம சமைச்சோம் அத்தை. இதுல யாரு சமைக்கப் போறாங்க?" என்றார் அம்மாள், சற்றும் கலங்காமல்.

இந்த வாதத்தில் நான் மாமியாரின் கட்சி. பித்தளைக்கு உட்புறம் ஈயம் பூசாவிட்டால் புளிக்குழம்பு களிம்பேறிவிடும். துருத்தியும் நவச்சாரமுமாகத் தெருமுனையில் வந்து உட்காருகிற ஈயம் பூசுகிறவரை எதிர்பார்த்து மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கும், அண்டாவுக்குள் பாதி உடம்பை நுழைத்துத் தேய்த்தவர்களுக்கும், எவர்சில்வர் வாசலில் வந்து நின்றபோது அது சாக்ஷாத் விமோசனமாகவே தோன்றியிருக்கும். அது மட்டும் வந்திராவிட்டால் அத்தலைமுறைப் பெண்களின் கைரேகை அடியோடு தேய்ந்து, ஜோசியர்களின் ஜீவனம் கெட்டுப்போயிருக்கும். புதிய அண்டாவோ, விருந்தினர் வருமுன் ஒருமுறை வேலைக்காரப் பெண்ணின் கையால் புளியுத்வர்த்தனம் பெற்று, குரோஷா உறையணிந்த குடைகளைத் தாங்கிக்கொண்டு கூடத்து மூலையில் நிற்கிறது.

தற்சமயம் அம்மாளுக்கு இருப்பது ஒரே மனக்குறை. காரைக்குடியில் கிடைத்த நீலப் பூப்போட்ட எனாமல் அடுக்கில், மேல் தட்டுக்கு மூடி இல்லை. வாசகர்களில் எவருடைய பரணிலாவது அத்தகைய மூடி அகப்படுமானால், தயவுசெய்து அதை அம்மாளுக்குத் தெரிவிக்க வேண்டாமென்று அவருடைய கணவர் என் மூலமாக வணக்கத்துடன் கேட்டுக்கொள்கிறார். மூடி கிடைத்ததும் அடுக்கை வைப்பதற்குப் பர்மாத் தேக்கில் ஓர் அலமாரி பார்க்கவேண்டும் என்று அம்மாள் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறாராம்.