ஊர் தாண்டித் தூங்குவோர்: கும்பகோணம் – திருவாரூர் தடத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ரயில் தடம் புரண்டால் விசாரணைக் கமிஷன் உட்காருகிறது. விமானம் விழுந்தால் கறுப்புப் பெட்டியைத் தேடுகிறார்கள். நாச்சியார்கோயிலில் இறங்க வேண்டியவர் திருச்சேறையில் கண் விழித்தால் மட்டும், ‘தூங்குமூஞ்சி’ என்ற ஒற்றைச் சொல்லோடு கோப்பை மூடிவிடுகிறார்கள். இக்கட்டுரை அந்தக் கோப்பைத் திறக்கிறது.

முதலில் காரணம். வண்டி ஓடும்போது இருக்கை வழியே உடம்பில் ஏறும் 4 முதல் 7 ஹெர்ட்ஸ் வரையிலான மெல்லிய அதிர்வு, 15 நிமிடத்துக்குள் ஆளை அசத்தத் தொடங்கிவிடும் என்று ஆஸ்திரேலியாவின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தார் 2018-ல் கண்டறிந்தார்கள். கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோயில் சுமார் 10 கிலோமீட்டர். கடைத்தெரு நெரிசலையும் சேர்த்து அரை மணி நேரம் என்று வைத்தால், முன்பாதியில் சொக்கல், பின்பாதியில் குறட்டை. கும்பகோணத்து முழுச் சாப்பாட்டையும், அதன்மேல் ஊற்றிய மோரையும், ஜன்னலில் வீசும் வயல்காற்றையும் ஆஸ்திரேலியர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் 15 நிமிடம் என்று அவ்வளவு தாராளமாக எழுதியிருக்க மாட்டார்கள்.

கண்டக்டரைக் குறை சொல்வதற்கில்லை. ஊர் பெயரை இருமுறை கூவி விசில் ஊதுவதோடு அவர் கடமை முடிந்தது. பக்கத்து இருக்கைக்காரர்தான் விசாரணைக்குரியவர். தோளைத் தலையணையாகக் கொடுப்பவர், எங்கே இறங்க வேண்டும் என்று கேட்பதில்லை. கேட்டு வைத்தவரோ நடுவழியிலேயே இறங்கிவிடுகிறார்.

மகள் கல்யாணச் சீருக்குக் குத்துவிளக்கு வாங்க அய்யம்பேட்டையிலிருந்து நாச்சியார்கோயிலுக்குக் கிளம்பிய ஒருவரை மாதிரிப் பயணியாகக் கொள்வோம். திருச்சேறையில் துள்ளி எழுகிறார். “அந்தக் கத்து கத்துனேனே சார், காதுல விழலையா?” என்று கண்டக்டர் சலித்துக்கொள்கிறார். தாண்டிய தூரத்துக்குக் காசு கேட்கவில்லை. “எதிர்ல வண்டி வரும், ஏறிக்குங்க” என்று இறக்கிவிட்டுப் போகிறார்.

இனி நடப்பதை விளக்க நாச்சியார்கோயிலின் கல் கருடன்தான் சரியான சூத்திரம். மார்கழியிலும் பங்குனியிலும் புறப்பாட்டின்போது, சன்னதியில் கருடனைத் தூக்க நான்கு பேர் போதும். வெளியே வர வரக் கனம் கூடி 8, 16, 32, 64 என்று ஆள் சேர வேண்டும், திரும்பும்போது அதே வரிசையில் குறைவார்கள் என்பது ஊர் வழக்கு. ஊர் தாண்டியவரின் சங்கடமும் நடுரோட்டில் நிற்க நிற்கக் கனக்கிறது, தூக்க ஆளும் சேர்கிறது. தொடக்கத்தில் டீக்கடைக்காரர் மட்டும்தான்.

“தூங்கிட்டீங்களாக்கும். எந்த ஊரு?”

“அய்யம்பேட்டைங்க.”

“அய்யம்பேட்டையில யாரு வீடு?”

இந்த மூன்றாவது வரியோடு பிரச்சினை பயணியின் கையை விட்டுப் போகிறது. பூக்காரம்மாவின் நாத்தனார் வாக்கப்பட்டது அய்யம்பேட்டையில். பெஞ்சில் பேப்பர் படித்தவருக்கு அங்கே ஒரு பங்காளி. அடுத்த வண்டி எப்போது என்பதில் நான்கு பேருக்கு நான்கு கருத்து. ஒன்றுகூடச் சரியில்லை என்று ஐந்தாமவர் வருகிறார். பயணியை யாரும் பேச விடுவதில்லை. “வெயில்ல நிக்காதீங்கண்ணே, நடை தொறக்குற நேரந்தான், சாமியைக் கும்பிட்டுட்டு வாங்க” என்று பூக்காரம்மா ஒரு முழம் பூவைக் கையில் திணிக்கிறார்.

அவர் கைகாட்டியது சாரபரமேஸ்வரர் கோயில். உள்ளே இருக்கும் ருண விமோசன லிங்கேஸ்வரருக்குப் 11 திங்கட்கிழமை அர்ச்சனை செய்தால் கடன் தீரும் என்பது நம்பிக்கை. கல்யாணச் செலவுக்கு மூன்று வட்டிக்குப் பணம் புரட்டியிருந்த நமது பயணி, விழித்திருந்தால் இந்தச் சன்னதியைப் பார்த்திருக்கவே மாட்டார். அன்று செவ்வாய்க்கிழமை. “நேத்தே தூங்கியிருக்கலாம்” என்று டீக்கடைக்காரர் பின்னர் வருத்தப்பட்டார்.

வண்டி வருவதற்குள் வாழையிலைக் கட்டோடு ஒரு டிவிஎஸ் எக்செல் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் நாச்சியார்கோயிலுக்கே போகிறார். அங்கே அவரோடு கூடப் படித்தவர் விளக்குப் பட்டறை வைத்திருக்கிறார். இலைக்கட்டு முன்னால், பயணி பின்னால். கடைக்குப் போயிருந்தால் பளபளக்கும் விளக்கைப் பார்த்து விலை கேட்டிருப்பார். பட்டறையில், வண்டல் மண் அச்சை உடைத்துக் கருகல் படிந்த தட்டு ஒன்றை வெளியே எடுப்பதைக் குத்துக்காலிட்டுப் பார்த்தார். அரம் பட்ட இடம் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. பாதம், தண்டு, தட்டு, உச்சி அன்னம் எல்லாம் தனித்தனியாக வார்த்து, மரை போட்டுத் திருகிச் சேர்ப்பது. “திருகிப் பாருங்க, நடுவுல சிக்கி நின்னா வாங்காதீங்க” என்றார் பத்தர், தன் சரக்கைப் பற்றியே. பெட்ரோலுக்கென்று நீட்டிய காசை எக்செல்காரர் “அட, சும்மா வைங்கண்ணே” என்று தள்ளிவிட்டுப் போனார்.

திரும்பும் பயணத்திலும் இதே ஆய்வைத் தொடர முடியுமா என்று கேட்கலாம். முடியாது. கும்பகோணம் பஸ் ஸ்டாண்டோடு அந்த வண்டி நின்றுவிடும். தாண்டுவதற்கு ஊர் கிடையாது. தஞ்சாவூர் வரை போகிற வண்டியாகப் பார்த்து ஏறினால் மட்டும் அய்யம்பேட்டையைத் தவறவிட வாய்ப்புண்டு. குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு தூக்கம் வருமா என்பதைத் தனியாகத்தான் ஆராய வேண்டும்.