உலர்கல் ஊறலியல்: ஓர் ஆராய்ச்சி முன்னோட்டம்

ஊறாக் கல்லில் உறையாது மீனே.

இந்த நூற்பா எந்தத் தொன்னூலிலும் இல்லை. நூற்பா இல்லாமல் ஆராய்ச்சி தொடங்கினால் அறிஞர் உலகம் மதிக்காது என்பதால் நானே இயற்றினேன். பொழிப்புரை: கடல்நீர் மீன்தொட்டி வைக்கப் புகுந்தோர், கடையில் வாங்கிய டிரை ராக்கை, அதாவது உலர்கல்லை, அப்படியே தொட்டியில் அடுக்கி மீனை விடற்க, விட்டால் மீன் மிதக்கும். கல்லை முதலில் ஒரு டிரம்மில், உப்புநீரில், வாரக்கணக்கில் ஊறப்போடுக. அவசரக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு டிரம் வாங்கப் போகலாம். மற்றவர்களுக்கு விருத்தியுரை.

கருங்கல்லையும் செங்கல்லையும் இந்த ஆய்வு தொடவில்லை. பேசப்படுவது பவள உயிரிகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவிட்டுப் போன, துளைதுளையான கால்சியம் கார்பனேட். துளைதான் அதன் பெருமை, தொல்லையும் அதுவே. கடலில் கிடந்த காலத்தில் அந்தத் துளைகளில் கடற்பஞ்சும் புழுவும் சிப்பியும் குடியிருந்தன. கல்லை வெயிலில் காயவைத்தபோது அவை உள்ளேயே கருவாடாகிவிட்டன. கருவாட்டை வாரக்கணக்கில் தண்ணீரில் போட்டுவைத்தால் என்ன ஆகும் என்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. கடல் விலகிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆன பழைய கல்லை நிலத்தில் வெட்டி விற்பதும் உண்டு. அதில் நாற்றம் குறைவு. ஆராய்ச்சிக்கான வாய்ப்பும் குறைவு.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆரம்பகால உவர்நீர்த் தொட்டிகளில் பவளம் வெறும் அலங்காரம். பிளீச்சில் முக்கி வெள்ளைவெளேரென்று வைப்பார்கள். 1961-ல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் வேறொரு வழியை எழுதினார்: உயிருள்ள கல்லைக் கடலிலிருந்து எடுத்துவந்து போட்டு, காற்றுக்குமிழி விட்டால் போதும், தண்ணீரைக் கல்லே பார்த்துக்கொள்ளும். பெர்லின் நகரத்து மீன் ஆர்வலர்கள் பின்னால் இதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார்கள். லைவ் ராக் மேல் உலகத்துக்கு ஆசை வந்தது. கடல் பெட்டிபெட்டியாக விமானம் ஏறியது. பிறகு அரசுகள் விழித்துக்கொண்டன. புளோரிடாவை ஒட்டிய அமெரிக்கக் கூட்டரசுக் கடற்பரப்பில் 1997-லிருந்து இயற்கைப் பாறையை எடுக்கத் தடை. இந்தியாவில் 2001-ல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தன. ஆக, சுற்றிச் சுற்றிச் செத்த கல்லுக்கே வந்து சேர்ந்தோம். ஒரு வித்தியாசம் உண்டு. அன்று அது செத்தே கிடக்கலாம். இன்று அதற்கு உயிர் வந்தாக வேண்டும்.

புளோரிடாக்காரர்கள் இதற்குக் கண்ட தீர்வு இத்துறையின் உச்சம். கடலின் அடித்தரையைக் குத்தகைக்கு எடுத்து, குவாரியில் வெட்டிய கல்லைப் படகில் கொண்டுபோய்க் கடலில் கொட்டுகிறார்கள். அதன்மேல் உயிர்கள் ஒட்டி வளரும்வரை காத்திருந்து, அதே கல்லைத் திரும்ப எடுத்து லைவ் ராக் என்று விற்கிறார்கள். கடலுக்கே வாடகை கொடுத்து ஊறப்போடுவது! நமக்கு வாய்த்தது குளியலறை மூலையில் ஒரு டிரம்.

இந்த இடத்தில் ஒரு களச் சான்றைப் பதிவு செய்ய வேண்டும். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த என் பெரியம்மா டிரம்மின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏல, இது காளவாய்க்குப் போற கல்லுல்லா?”

“இது மீன்தொட்டிக்கு பெரியம்மா.”

“எரிச்சா சுண்ணாம்பாவது மிஞ்சும். இத ஏம்ல ஊறப்போடுத?”

பூர்வபட்சத்தை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் வைத்ததில்லை. அவர் சொன்னதில் பிழையும் இல்லை. ஒரு காலத்தில் மன்னார் வளைகுடாவிலிருந்து பவளக்கல்லை வெட்டிவந்து சுண்ணாம்புக்கு எரித்தார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போனதற்கு அந்த வெட்டையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். அதே கல்லைச் சூளையில் வைத்தால் கரியமில வாயு போய்ச் சுண்ணாம்பு மிஞ்சும். டிரம்மில் வைத்தால் நாற்றம் போய்க் கல்லே மிஞ்சும். இரண்டாவதற்கு வெற்றிலை வேண்டாம் என்பதைத் தவிரப் பெரியம்மாவிடம் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

இனி மதபேதங்கள். ஊறற்கொள்கையினர் முத்திறத்தினர். முதலாமவர் நீர்வாதிகள்: உப்புநீர், ஒரு ஹீட்டர், தண்ணீரைச் சுழற்ற ஒரு பம்ப், பாசி பிடிக்காமலிருக்க இருட்டு, இவை போதும் என்பார்கள். இரண்டாமவர் பிளீச்சுவாதிகள். உள்ளே இருக்கும் கருவாட்டைக் கரைத்தெடுத்த பிறகே ஊறல் என்பது இவர்கள் கொள்கை. பிளீச்சில் போட்டு, அலசி, வெயிலில் காயவைத்து, மிச்சக் குளோரினைத் தயோசல்பேட்டால் அடக்குவார்கள். மூன்றாமவர் அமிலவாதிகள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கினால் கல் நுரைத்துப் பொங்கி, மேல்தோல் கரைந்து போகும். தோலில் ஒட்டியிருந்த பாஸ்பேட்டும் அதோடு போகும். பொங்குவது பார்க்க அழகாக இருக்கும், ஏதோ செய்துவிட்டோம் என்ற நிறைவும் கிடைக்கும். அளவு மீறினால் கல்லே போய்விடும் என்பது இக்கொள்கையின் குறை. பின்னிரு மதத்தாரும் ஒரே வாளியில் கூடினால் குளோரின் வாயு பிறந்து ஆளையே கொல்லும். இது உருவகம் அன்று. பிளீச்சையும் ஆசிட்டையும் ஒருநாளும் சேர்க்கக் கூடாது.

அற்றேல், மூவரில் யார் கல்லைப் பதப்படுத்துகிறார் எனின், ஒருவரும் அல்லர் என்க. வேலை செய்வது பாக்டீரியா. அழுகலிலிருந்து அமோனியா வரும். ஒரு கூட்டம் அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரேட்டாக்கும். இந்த இரட்டைத் தொழிலை 1890 வாக்கில் சூரிச்சில் இருந்துகொண்டு பிரித்துக் காட்டியவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. நூறாண்டுக்கு மேலாக, அமோனியாவைத் தின்பது பாக்டீரியா மட்டுமே என்று பாடம் நடந்தது. 2005-ல் ஆர்க்கியா என்ற வேறொரு குலத்தைச் சேர்ந்த நுண்ணுயிரும் அதே வேலையைச் செய்வதைத் தனியே வளர்த்து நிறுவினார்கள். உலகக் கடல்களில் கணக்கற்றுப் பரவிக் கிடக்கும் அந்த அமோனியா தின்னிக் கிளையில் முதலில் பிடிபட்டது எங்கிருந்து? அமெரிக்காவின் சியாட்டில் நகரக் காட்சியகத்தில், வெப்பமண்டலக் கடல்மீன் தொட்டி ஒன்றின் அடியில் பரப்பிய சரளைக்கல்லிலிருந்து. டிரம்மை முறைத்துப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவனை வெட்டிப்பயல் என்று வைவோர் இதைக் கவனிக்க.

பாக்டீரியா வளர இரை வேண்டும். சுத்தமாகிவிட்ட கல்லில் இரை இல்லை. அம்மோனியம் குளோரைடை அளந்து போடுவது நவீன வழி. சந்தையில் ஒரு பச்சை இறால் வாங்கி டிரம்மில் அழுகவிடுவது மரபு வழி. கல்லுக்குள் இருந்த செத்த உயிரியை நீக்கப் பிளீச்சும் ஆசிட்டும் செலவழித்தவன், அடுத்த வாரமே ஒரு செத்த உயிரியை விலை கொடுத்து வாங்கி உள்ளே போடுகிறான். இந்த முரணை விளக்க என்னிடம் கோட்பாடு எதுவும் இல்லை. பிளீச்சுவாதிகளிடம் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.

எப்போது ஊறியது என்று அறிவது எப்படி? கருவிகள் இரண்டு: டெஸ்ட் கிட், மூக்கு. அமோனியா கிட்டில் மஞ்சள் என்றால் இல்லை, பச்சை என்றால் உண்டு. குளியலறை டியூப்லைட்டில் எல்லா மஞ்சளும் கொஞ்சம் பச்சைதான். ஆகவே இத்துறை அறிஞர்கள் சோதனைக்குழாயும் கையுமாக வாசலுக்கும் குளியலறைக்கும் நடந்துகொண்டே இருப்பார்கள். மூக்கு வேறு வகைக் கருவி. காற்றுப் புகாத துளைகளிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு, அதாவது அழுகிய முட்டை வாடை, மிக மிக நுண்ணிய அளவில் இருந்தாலும் மனித மூக்கு கண்டுகொள்ளும். ஊறி முடிந்த கல்லில் கடற்கரை வாடை மட்டும் இருக்கும். பெரியம்மாவின் மூக்கு இதில் தேர்ந்த கருவி. நான் கேட்காமலே அறிக்கை தரும்.

ஆனால் நைட்ரைட்டுக்கும் பாஸ்பேட்டுக்கும் வாடை கிடையாது. மூக்கு சரி என்ற பிறகும் கல் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், பாஸ்பேட்டைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். தண்ணீரை மாற்றி, அளந்து, மறுபடி மாற்ற வேண்டும். பொறுக்காதவர்கள் லாந்தனம் குளோரைடு ஊற்றிப் பாஸ்பேட்டைப் படியவைத்து வடிகட்டுவார்கள். அதையும் செய்யாமல் கல்லைத் தொட்டிக்கு மாற்றினால் பச்சை இழைப்பாசி தழைக்கும். வந்தவர்கள் “செடி நல்லா வந்திருக்கே” என்று பாராட்டிவிட்டுப் போவார்கள்.

ஒழுங்காக எல்லாம் செய்தாலும், தொட்டிக்குள் போன வெள்ளைக் கல்லை முதலில் பிடிப்பது பழுப்பு டையாட்டம் படலம்தான். படங்களில் காணும் ஊதாநிறக் கோரலைன் பாசி வர மாதங்கள் ஆகும். அதுவும் வேறொரு தொட்டியிலிருந்து ஒரு துண்டுக் கல்லோ நத்தையோ விதை கொண்டுவந்தால்தான்.

எஞ்சியிருப்பது டிரம் பற்றிய விவாதம். கல் வெளியேறியபின் அதைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து, வாடை முற்றும் நீங்கியதை மூக்காலும் கிட்டாலும் உறுதிசெய்து, இனி வீட்டு உபயோகத்துக்குத் தகும் என்று பெரியம்மாவிடம் அறிக்கை சமர்ப்பித்தேன். அவர் டிரம்முக்குள் தலையை விட்டு ஒருமுறை முகர்ந்துவிட்டு நிமிர்ந்தார்.

“அரிசி போட்டு வைக்கலாம்னு மட்டும் சொல்லிராத.”