‘சரி’ என்று சொன்னால் சட்டம் விடாது!

பொள்ளாச்சி மாட்டு வியாபாரி: பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை. வாய்ப்பேச்சு ஒப்பந்தம் ஆகுமா?

தாராளமாக ஆகும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் முதலில் தேடுவது மூன்றை: ஒருவர் முன்மொழிந்தாரா, மற்றவர் ஏற்றாரா, இரு பக்கமும் கொடுக்கல் வாங்கல் உண்டா? பிறகு, இருவரும் மேஜரா, மனமொப்பிப் பேசினார்களா, காரியம் சட்டத்துக்கு உட்பட்டதா என்று பார்க்கும். எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்லும் சிலவற்றைத் தவிர, மற்றவை வாய்ச்சொல்லிலேயே முடிந்துவிடும். ஆனால் கோர்ட்டில் நிரூபிக்க ஒரு துண்டுச்சீட்டாவது இருந்தால் நல்லது.

மதுரை மாணவர்: பழைய பைக்குக்கு 60,000 ரூபாய் சொன்னார். 50,000க்குக் கேட்டேன், முடியாது என்றார். மறுநாள் 60,000க்கே சம்மதித்தால், இப்போது 70,000 என்கிறார். அநியாயமில்லையா?

சட்டம் அவர் பக்கம். நீங்கள் 50,000 என்றதுமே அவருடைய 60,000 செத்துவிட்டது. சொன்னதைச் சொன்னபடி ஏற்றால்தான் ஏற்பு; குறைத்துக் கேட்டால் அது உங்களுடைய புதிய முன்மொழிவு. 1840இல் இங்கிலாந்தில் 1,000 பவுண்டு பண்ணையை 950க்குக் கேட்டுவிட்டு, பிறகு ஆயிரத்துக்கே இறங்கி வந்தவரும் இப்படித்தான் தோற்றார். அடுத்த முறை, ‘கொஞ்சம் குறைய வாய்ப்பு உண்டா?’ என்று விசாரித்துப் பாருங்கள். வெறும் விசாரிப்பு முன்மொழிவைக் கொல்லாது.

சேலம் வாசகி: ‘ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்’ என வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பியிருக்கிறார். மாட்டிக்கொண்டேனா?

இல்லை. மௌனம் சம்மதம் என்பது பழமொழி. சட்டம் வாய்திறக்கச் சொல்கிறது. உடன்பிறந்தவரின் மகனிடம், ‘பதில் இல்லையேல் குதிரை எனக்கு’ என்று விலை வைத்து எழுதிய ஒருவரை 1862இலேயே இங்கிலாந்து நீதிமன்றம் திருப்பி அனுப்பிவிட்டது.

கோவை விற்பனைப் பிரதிநிதி: விளம்பரத்தில் சொன்னதெல்லாம் வாக்குறுதியா?

எல்லாம் அல்ல. ஆனால் திட்டவட்டமாகச் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். லண்டனில் கார்பாலிக் புகை உருண்டைக் கம்பெனி, ‘தினம் மூன்று வேளை, இரண்டு வாரம் பயன்படுத்தியும் இன்ஃப்ளுயன்ஸா வந்தால் 100 பவுண்டு’ என்று விளம்பரம் செய்தது. நம்பிக்கைக்காக 1,000 பவுண்டு வங்கியில் போட்டிருப்பதாகவும் சொன்னது. சொன்னபடி பயன்படுத்திய திருமதி கார்லிலுக்குக் காய்ச்சல் வந்தது. ‘அது சும்மா விளம்பரம், அவர் எங்களிடம் சம்மதம் சொல்லவே இல்லையே’ என்றது கம்பெனி. கேட்ட காரியத்தைச் செய்து முடித்ததே சம்மதம் என்று 1892இல் தீர்ப்பு வந்தது. நம் சட்டத்தின் 8ஆம் பிரிவும் அதையே சொல்கிறது.

தேனி ஆட்டோ ஓட்டுநர்: காணாமல்போன பையனை வீட்டில் சேர்த்தேன். பிறகுதான் பரிசு அறிவிப்பைப் பார்த்தேன். கேட்கலாமா?

கேட்கலாம், அவர்கள் மனமுவந்து தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கில் கிடைக்காது. முதலாளி வீட்டுப் பையனைத் தேடி ஹரித்வார் போன கணக்குப்பிள்ளை, அவனைக் கண்டுபிடித்த பிறகே 501 ரூபாய்ப் பரிசைப் பற்றி அறிந்தார். தெரியாத முன்மொழிவை ஏற்க முடியாது என்றது அலகாபாத் உயர் நீதிமன்றம், 1913இல். எனக்கு மனம் கேட்கவில்லை என்றாலும் சட்டம் அதுதான்.

நெல்லை வியாபாரி: இங்கிருந்து போனில் விலை சொன்னேன், சென்னைக்காரர் ‘சரி’ என்றார். ஒப்பந்தம் உருவானது எந்த ஊரில்?

‘சரி’ காதில் விழுந்த நெல்லையில். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு வியாபாரம் ஒன்றில் 1965இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது இது. தபாலில் ஏற்றிருந்தால், கடிதத்தைப் போட்ட சென்னை.

காரைக்குடி ஓய்வுபெற்ற ஆசிரியர்: நல்லவர்களுக்கு வார்த்தை போதாதா? சட்டம் எதற்கு?

சட்டம் காப்பதே அந்த வார்த்தையைத்தான், ஐயா. நம் ‘சரி’யை நம்பி ஒருவர் வேறு கிராக்கியை விட்டுவிடுகிறார், கடன் வாங்கிச் சரக்கு எடுக்கிறார். ஆகவே முடிவு செய்யாதவரை ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்றே சொல்லுங்கள். ‘சரி’ சொல்லிவிட்டால் நஷ்டம் வந்தாலும் நில்லுங்கள்.